போட்டோஅகூஸ்டிக் கருவிய காலிப்ரேட் பண்றது எப்படி: சிலிண்டர் காத்து வேற, நீங்க அளக்கப்போற காத்து வேற

போட்டோஅகூஸ்டிக் கருவின்னா வாயு மேல வெளிச்சம் பட்டு வர்ற சத்தத்த கேட்டு எவ்ளோ வாயு இருக்குன்னு சொல்றது, காலிப்ரேட் பண்றதுன்னா தெரிஞ்ச அளவு வாயுவ விட்டு அது காட்டறத சரி பாத்து செட் பண்றது. முதல் தடவை நான் ஒரு மீத்தேன் செட்டப்ப காலிப்ரேட் பண்ணப்போ நைட்ரஜன்ல கலந்த மீத்தேன் சிலிண்டர் ஒண்ணுதான் கையில இருந்துச்சு, அத வெச்சு அஞ்சு புள்ளி எடுத்தேன், கோடு அவ்ளோ நேரா வந்துச்சு, ஆர் ஸ்கொயர் (புள்ளிங்க கோட்டோட எவ்ளோ ஒட்டுதுங்கற எண், 1னா முழுசா) 0.999. அப்புறம் வெளிக்காத்த உள்ள இழுத்துப் பாத்தா ஒரு பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கூட காட்டல. உலகத்துல எங்க நின்னு காத்த இழுத்தாலும் மீத்தேன் கிட்டத்தட்ட 1.9 பிபிஎம் இருக்கணும், அது கீழ போக வழியே இல்ல. ரெண்டு நாள் கண்ணாடிய தொடச்சேன், மைக்க மாத்திப் பாத்தேன், லேசர் அலைன்மென்ட்ட மறுபடி மறுபடி போட்டேன். தப்பு கருவியில இல்லவே இல்ல, நைட்ரஜன்ல பழகின கருவிய ஆக்ஸிஜன் இருக்கற காத்துல விட்டதுதான் தப்பு. இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டு கீழ இருக்கறத படிங்க, ஏன்னா காலிப்ரேஷன்ல பாதி வேலை இதுக்காகத்தான் செய்யறோம்.

அடிப்படைய ஒரு தடவை சொல்லிடறேன். விட்டு விட்டு அடிக்கற வெளிச்சம் வாயு மேல பட்டா அது சூடாகி ஆறும், அந்த ஏத்த இறக்கம் அழுத்த அலையா மாறி சத்தமா வரும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880லயே சூரிய வெளிச்சத்த வெட்டி வெட்டி அனுப்பி இத காதால கேட்டிருக்காரு. இப்ப நாம லேசர், ஒரு சின்ன ரெசனன்ஸ் குழாய் (ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சில சத்தத்த பெருசாக்கறது, இதுதான் செல்), மைக், லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் (லேசரோட தாளத்துல வர்ற சிக்னல மட்டும் பிரிச்சு எடுக்கறது) வெச்சு கேக்கறோம். கிடைக்கற சிக்னல் நாலு விஷயத்தோட பெருக்கல்: செல்லோட தன்மை, லேசர் பவர், வாயு எவ்ளோ உறிஞ்சுது, உறிஞ்சின சக்தியில எவ்ளோ உரிய நேரத்துல சூடா மாறுச்சு. கடைசில சொன்னத நிறைய பேர் மறந்துடறாங்க. இதுக்கெல்லாம் மேல, வாயுவே இல்லைன்னாலும் வர்ற பின்னணி சிக்னல் ஒண்ணு இருக்கு.

வாயுவ திறக்கறதுக்கு முன்னாடி

கருவிய ஆன் பண்ணி குறைஞ்சது ஒரு மணி நேரம் சூடாக விடுங்க, லேசர் கன்ட்ரோலரும் செல்லோட ஹீட்டரும் நிலைக்கு வரணும். லீக் பாக்காம ஆரம்பிக்காதீங்க, செல்லோட ரெண்டு பக்கமும் அடைச்சு அழுத்தம் எவ்ளோ சீக்கிரம் மாறுதுன்னு பத்து நிமிஷம் கவனிச்சா போதும். அளக்கப்போறது அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு மாதிரி விஷ வாயுன்னா வெளிய வர்ற குழாய் ஃப்யூம் ஹூட்ல இருக்கணும், இன்ஃப்ராரெட் லேசர் கண்ணுக்குத் தெரியாதுங்கறதால அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி கட்டாயம் போடணும்.

சிலிண்டர் ரெகுலேட்டர நேரா செல்லோட சேத்துடாதீங்க. நடுவுல ஒரு டி-ஜாயின்ட் வெச்சு, தேவைக்கு கொஞ்சம் அதிகமாவே வாயுவ அனுப்பி, மிச்சம் அந்த இன்னொரு வாய் வழியா வெளிய போக விடுங்க, கருவி தனக்கு வேண்டியத பம்ப் வெச்சு இழுத்துக்கும். அப்பதான் காலிப்ரேட் பண்றப்போ இருக்கற அழுத்தமும் நிஜமா அளக்கறப்போ இருக்கற அழுத்தமும் ஒண்ணா இருக்கும். ஃப்ளோவும் அதே அளவு இருக்கணும், ஏன்னா காத்து ஓடற இரைச்சல் மைக்ல விழும், ஃப்ளோ மாறினா அந்த இரைச்சலும் மாறும்.

முதல்ல ரெசனன்ஸ், அப்புறம்தான் மத்ததெல்லாம்

10 செ.மீ நீளம், ரெண்டு பக்கமும் திறந்த குழாய்னு வெச்சுக்கங்க. 20 டிகிரில காத்துல ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதனால ரெசனன்ஸ் சுமாரா 1,700 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும், முனைத் திருத்தத்தால (அலை குழாய் வாய்க்கு வெளியயும் கொஞ்சம் நீளும்) கொஞ்சம் கீழ இறங்கும். வெப்பம் ஒரு டிகிரி மாறினா இது 3 ஹெர்ட்ஸ் நகரும். க்யூ ஃபேக்டர் (ரெசனன்ஸ் எவ்ளோ கூர்மைங்கற எண்) 50னா ரெசனன்ஸோட அகலம் 34 ஹெர்ட்ஸ்தான், அப்ப 5 டிகிரி வித்தியாசத்துக்கே கால்வாசி சிக்னல் காணாம போயிடும், வாயுவோட அளவு துளி கூட மாறாமலே.

இப்ப என் கதைக்கு வாங்க. நைட்ரஜன்ல ஒலி வேகம் நொடிக்கு 349 மீட்டர். காத்தோட ஒப்பிட்டா 2 சதவீதம் கூட வித்தியாசம் இல்ல, பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா 1,700 ஹெர்ட்ஸ்ல அது கிட்டத்தட்ட 30 ஹெர்ட்ஸ். நைட்ரஜன்ல ரெசனன்ஸ் பாத்து அந்த ஃப்ரீக்வென்சிய அப்படியே பூட்டி வெச்சுட்டு காத்த உள்ள விட்டா, க்யூ 50 இருக்கற செல்லுல சிக்னல் பாதியாயிடும். எனக்கு நடந்ததுல பெரும் பங்கு இதுதான். ஈரப்பதமும் ஒலி வேகத்த கொஞ்சம் ஏத்தும், ஒண்ணு ரெண்டு டிகிரி சூடு ஏறின மாதிரி எடுத்துக்கலாம்.

அதனால உள்ள என்ன காத்து ஓடுதோ அதுலயே ரெசனன்ஸ தேடுங்க, ஒவ்வொரு தடவை காத்து வகை மாறறப்பவும் தேடுங்க. செல்லுக்குள்ள சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது, அத வெச்சு ஃப்ரீக்வென்சிய 1 ஹெர்ட்ஸ் படியா நகர்த்தி சிக்னல் வளைவ வரைஞ்சு, உச்சமும் க்யூவும் குறிச்சுக்கணும். ஸ்பீக்கர் இல்லைன்னா நிலையான ஒரு செறிவு வாயுவ ஓட விட்டு லேசர் மாடுலேஷன் ஃப்ரீக்வென்சியவே (லேசர் விட்டு விட்டு அடிக்கற வேகம்) நகர்த்திப் பாருங்க. மைக்குக்கு பதிலா குவார்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் (வாட்ச்ல இருக்கற சின்ன குவார்ட்ஸ் கவை) வெச்ச கருவியா இருந்தா, அந்த 32.768 கிலோஹெர்ட்ஸ் வாட்ச் ஃபோர்க்கோட க்யூ சாதாரண காத்தழுத்தத்துலயே பத்தாயிரம் பக்கம் இருக்கும், அகலம் சில ஹெர்ட்ஸ்தான், அதனால மின் தூண்டல் கொடுத்து ரெசனன்ஸ அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கணும், நாளுக்கு ஒரு தடவைங்கறதெல்லாம் பத்தாது.

பூஜ்யம்

ஜீரோன்னா மீட்டர் 0 காட்டறதுன்னு நினைக்காதீங்க. ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் உறிஞ்சும், செல் சுவத்துல சிதறின வெளிச்சம் பட்டு அதுவும் சூடாகும், இதெல்லாம் லேசரோட அதே தாளத்துல வர்ற சிக்னல், எவ்ளோ நேரம் சராசரி எடுத்தாலும் போகாது. அத அளந்து கழிக்கத்தான் முடியும்.

ஜீரோ வாயுவா எத விடறீங்கங்கறது முக்கியம். மீத்தேனுக்கு ரூம் காத்து ஜீரோ ஆகாது, அதுலயே 1.9 பிபிஎம் இருக்குன்னு மேல சொன்னேன். கார்பன் டை ஆக்சைடுன்னா சோடா லைம் வழியா விட்ட காத்து ஓகே, ஆர்கானிக் ஆவிகளுக்கு ஆக்டிவேட்டட் சார்கோல், தண்ணிய எடுக்க மாலிக்யூலர் சீவ், ஆனா சார்கோல் மீத்தேன பிடிக்காது, அதுக்கு செயற்கை காத்து சிலிண்டர்தான் வாங்கணும், அதாவது நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் 80க்கு 20 பக்கம் கலந்தது. வெறும் நைட்ரஜன் வேண்டாம்.

கழிக்கறப்போ ஒரு விஷயம், இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். லாக்-இன்ல எக்ஸ், ஒய் (சிக்னலோட ரெண்டு கூறுகள்) ரெண்டையும் சேமிங்க, அளவ மட்டும் காட்டற ஆர (R) சேமிச்சுட்டு விட்றாதீங்க. பின்னணி சிக்னலுக்கு தனி ஃபேஸ் (லேசரோட தாளத்துல இருந்து எவ்ளோ தள்ளி வருதுங்கறது) இருக்கும், வாயு சிக்னலுக்கு வேற ஃபேஸ், ரெண்டையும் வெக்டாராத்தான் கழிக்கணும். ஆர் எப்பவும் பாசிட்டிவ்வாவே இருக்கறதால, வாயு இல்லாத இடத்துலயும் இரைச்சல் ஒரு எண்ணா நிக்கும், உங்க கோடு கீழ்ப் பக்கம் மேல் நோக்கி வளையும், சுவடு வாயு அளக்கறவனுக்கு அந்த கீழ்ப் பக்கம்தான் முக்கியமே. நாலு நல்ல புள்ளிய பாத்துட்டு இந்த வளைவ இரைச்சல்னு விட்ட ரிப்போர்ட் நிறைய பாத்திருக்கேன்.

ஜீரோவ அரை மணி நேரமாவது ஓட விட்டு பதிவு பண்ணுங்க. அந்த பதிவுலயே ஆலன் டிவியேஷன் (சராசரி நேரம் கூடக்கூட சிதறல் எப்படி மாறுதுங்கற கணக்கு) போட்டுப் பாத்தா, எவ்ளோ நேரம் சராசரி எடுத்தா லாபம், எந்த நேரத்துக்கு மேல ட்ரிஃப்ட் (மெதுவான நகர்வு) ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுடும். 100 நொடிக்கு மேல வளைவு ஏறுதுன்னா அதுக்கு மேல சராசரி எடுக்கறது வீண் வேலை.

செறிவுகள எப்படி தயார் பண்றது

சான்றிதழோட வர்ற ஒரு சிலிண்டர், ஜீரோ காத்து, ரெண்டு மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் (வாயு ஓட்டத்த நாம சொன்ன அளவுல நிறுத்தறது), இது போதும். 100 பிபிஎம் சிலிண்டர்ல இருந்து நிமிஷத்துக்கு 10 மில்லி, ஜீரோ காத்து 490 மில்லின்னா மொத்தம் 500, கிடைக்கறது 2 பிபிஎம். கணக்கு சுலபம், ஏமாத்தறது கன்ட்ரோலர். 100 மில்லி முழு அளவு இருக்கற கன்ட்ரோலர்ல பிழை முழு அளவுல 1 சதவீதம்னு போட்டிருந்தா அது எப்பவும் 1 மில்லி, நீங்க 10 மில்லி ஓட்டறப்போ அதுவே 10 சதவீத பிழை. அதனால கன்ட்ரோலர அதோட அளவுல பத்துல ஒரு பங்குக்கு கீழ ஓட்டாதீங்க, முடிஞ்சா சோப்பு நுரை மீட்டரோ வேற ஃப்ளோ மீட்டரோ வெச்சு நீங்களே சரி பாருங்க. கன்ட்ரோலர் நைட்ரஜனுக்கு செட் ஆகியிருந்தா வேற வாயு ஓட்டறப்போ திருத்த எண் போடணும், ஆனா நைட்ரஜன்லயோ காத்துலயோ கலந்த பிபிஎம் அளவு வாயுவுக்கு அது தேவைப்படாது.

சிலிண்டர் 2 சதவீதம், ரெண்டு கன்ட்ரோலரும் அதோட ஓட்டற அளவுல ஆளுக்கு 1 சதவீதம்னா, வர்க்கம் போட்டு கூட்டி மூலம் எடுத்தா 2.4 சதவீதம் பக்கம் வரும். இதுக்கு கீழ துல்லியம் இருக்குன்னு நீங்க எழுதவே முடியாது, கருவி எவ்ளோ நல்லதா இருந்தாலும்.

அம்மோனியா தனி ரகம். சுவத்துல ஒட்டும், ஸ்டீல் குழாய்ல இன்னும் மோசமா ஒட்டும், நீங்க 1 பிபிஎம் அனுப்பினா ஆரம்பத்துல செல்லுக்கு போய்ச் சேர்றது அத விட நல்லாவே குறைவா இருக்கும், அப்புறம் ஜீரோ விட்டாலும் ரொம்ப நேரத்துக்கு சுவத்துல இருந்து வந்துக்கிட்டே இருக்கும். டெஃப்லான் வகை குழாய், குட்டையா, முடிஞ்சா 40, 50 டிகிரி சூடு, நல்ல ஃப்ளோ, அப்புறம் பொறுமை. மீத்தேனுக்கு செல்லும் குழாயும் சேந்து 50 மில்லின்னா 500 மில்லி ஃப்ளோல அரை நிமிஷத்துல காத்து மாறிடும், அம்மோனியாவுக்கு மணிக்கணக்கா ஆகலாம். படிச்சு வர்ற எண் நிலையா நிக்கறத கண்ணால பாத்துட்டுதான் புள்ளிய எடுக்கணும், கடிகாரத்த பாத்து எடுக்காதீங்க. சிலிண்டருக்கு பதிலா பெர்மியேஷன் ட்யூபும் (சுவர் வழியா வாயு மெதுவா ஒரே அளவுல கசியற சின்ன குழாய்) நல்ல வழி, நிலையான வெப்பத்துல வெச்சு எடை எவ்ளோ குறையுதுன்னு வாரக்கணக்குல தராசுல பாத்து கணக்கு போடறது.

ஆக்ஸிஜன், தண்ணி, இதுதான் நிஜமான சிக்கல்

மூலக்கூறு வெளிச்சத்த வாங்கி அதிர ஆரம்பிச்சாலே சத்தம் வந்துடாது, அந்த அதிர்வு மோதல்ல கரைஞ்சு சூடா மாறணும், அதுவும் லேசர் அடுத்த தடவை அணையறதுக்குள்ள. மீத்தேன் விஷயத்துல என்ன ஆகுதுன்னா, அதோட அதிர்வு சக்தி பக்கத்துல இருக்கற ஆக்ஸிஜனோட அதிர்வு நிலைக்கு சுலபமா தாவிடும், ரெண்டோட ஆற்றலும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால. ஆக்ஸிஜன் அத கெட்டியா பிடிச்சு வெச்சுக்கும், சீக்கிரம் விடாது. சிக்னல் குறையும், ஃபேஸும் நகரும். கொஞ்சம் தண்ணி ஆவி சேத்தா அது ஆக்ஸிஜன் கிட்ட இருந்து அந்த சக்திய வாங்கி சூடா மாத்திடும், சிக்னல் திரும்ப ஏறும். அதனால ஒரே 2 பிபிஎம் மீத்தேன் நைட்ரஜன்ல ஒரு எண், காஞ்ச காத்துல ஒரு எண், ஈரக் காத்துல ஒரு எண் காட்டும். கார்பன் டை ஆக்சைடுக்கும் நைட்ரஜனுக்கும் இதே மாதிரி ஒரு உறவு இருக்கு, அங்கயும் தண்ணிதான் வந்து பிரிச்சு விடும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு ரெண்டும் காஞ்ச நிலைல மெதுவாத்தான் சூடாகும். மாடுலேஷன் ஃப்ரீக்வென்சி ஏற ஏற இந்த பிரச்சினை பெருசாகும், 32 கிலோஹெர்ட்ஸ் ஃபோர்க்ல நல்லாவே தெரியும்.

அசிட்டிலீன் இதுல சமத்து, சுவத்துலயும் அதிகம் ஒட்டாது, அதான் புது செல்லோட தன்மைய பாக்க நான் அத எடுப்பேன். ஆனா அசிட்டிலீன்ல கண்டுபிடிச்ச செல் கான்ஸ்டன்ட (செல்லோட தன்மைய சொல்ற எண்) வெச்சு ஹைட்ரான் டேட்டாபேஸ்ல இருந்து உறிஞ்சல் எண்ண எடுத்து மீத்தேன கணக்கு போட்டுடலாம்னு நினைச்சா அது நடக்காது, உறிஞ்சின சக்தி எவ்ளோ சூடா மாறுதுங்கறது அந்த டேட்டாபேஸ்ல கிடையாது.

செய்ய வேண்டியது இது. ஜீரோ காத்த ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய தண்ணி பபிளர் வழியா விடுங்க, இன்னொரு பாதி காஞ்சதாவே வரட்டும், ரெண்டையும் கலக்கற விகிதத்த மாத்தினா ஈரம் மாறும். ஸ்பான் வாயுவ (தெரிஞ்ச செறிவு இருக்கற சிலிண்டர் வாயு) பபிளருக்கு அப்புறம்தான் சேக்கணும், முன்னாடி சேத்தா அம்மோனியா மாதிரி ஆளுங்க தண்ணிலயே கரைஞ்சு காணாம போயிடுவாங்க. ஒரு நல்ல ஹைக்ரோமீட்டர் (ஈரம் அளக்கறது) செல்லுக்கு பக்கத்துலயே இருக்கட்டும், பனிநிலை (ஆவி தண்ணியா படிய ஆரம்பிக்கற வெப்பம்) செல் வெப்பத்துக்கு நல்லா கீழ இருக்கணும், இல்லைன்னா ஜன்னல்ல தண்ணி படிஞ்சு மொத்த பின்னணியும் மாறிடும். காஞ்சது, 0.5 சதவீதம், 1 சதவீதம், 1.5 சதவீதம் தண்ணி, இப்படி நாலு நிலைல முழு காலிப்ரேஷன் எடுங்க, ஒவ்வொண்ணுலயும் ரெசனன்ஸ திரும்ப தேடி, ஜீரோவும் புதுசா எடுத்து, ஏன்னா தண்ணியோட சொந்த உறிஞ்சலும் அதே இடத்துல கொஞ்சம் இருக்கலாம். சாய்வு ஈரத்தோட எப்படி மாறுதுங்கறது ஒரு வளைவா கிடைக்கும், அதுதான் உங்க திருத்தம்.

இவ்ளோ வேலை வேண்டாம்னா சுலபமான ஒரு வழி இருக்கு, அளக்கற காத்தையே எப்பவும் ஒரே ஈரத்துக்கு கொண்டு வந்துடறது, நஃபியான் குழாய் (சுவர் வழியா தண்ணி ஆவிய கடத்தற குழாய்) வெச்சு. மீத்தேனுக்கு இது அருமையா வேலை செய்யும். அம்மோனியாவுக்கு வேண்டாம், நஃபியான் அம்மோனியாவையும் சேத்து எடுத்துடும்.

புள்ளிகள் எடுக்கறது

ஜீரோல ஆரம்பிச்சு, அஞ்சாறு செறிவு, அதுல பாதியாவது நீங்க நிஜமா அளக்கப்போற இடத்துல இருக்கட்டும், 2 பிபிஎம் அளக்கப்போறவங்க 100 பிபிஎம் வரைக்கும் போய் கோடு போட்டா அந்த மேல் புள்ளியே கோட்ட இழுத்துடும். ஏறி முடிச்சு இறங்கியும் வாங்க, கடைசில ஜீரோ. ஏறறப்போ ஒரு எண்ணும் இறங்கறப்போ வேற எண்ணும் வந்தா சுவத்துல ஒட்டுதுன்னு அர்த்தம். லாக்-இன் டைம் கான்ஸ்டன்ட் 1 நொடின்னா செறிவு நிலையான பிறகும் குறைஞ்சது 10 நொடி விட்டுட்டு பதிவு ஆரம்பிங்க.

ஒவ்வொரு புள்ளியோடவும் லேசர் பவரையும் செல்லுக்கு அப்புறம் அளந்து எழுதி, சிக்னல அதால வகுத்துக்கங்க. பவர ஒரு தடவை பாதியா குறைச்சு சிக்னலும் பாதியாகுதான்னு பாருங்க, ஆகலைன்னா சாச்சுரேஷன் (பவர் கூடினாலும் உறிஞ்சறது அதே அளவுக்கு கூடாத நிலை) இருக்கு, அப்ப வகுக்கறதே தப்பு. அலைநீள மாடுலேஷன்ல ரெண்டாவது ஹார்மோனிக் எடுக்கறவங்க (லேசரோட அலைநீளத்த ஆட்டி, அந்த ஆட்டத்தோட ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சில சிக்னல் பாக்கறவங்க) மாடுலேஷன் ஆழத்தையும் லேசர் வெப்பத்தையும் காலிப்ரேஷனுக்கும் அளவுக்கும் நடுவுல தொடவே கூடாது, வாயுவோட உறிஞ்சல் லைன் உச்சிய விட்டு லேசர் நகர்ந்திருக்கான்னு ஒவ்வொரு செட்டுக்கும் முன்னாடி ஒரு ஸ்கேன் போட்டு பாத்துக்கங்க.

கோடு போட்ட பிறகு ஆர் ஸ்கொயர பாத்து சந்தோஷப்படாம மிச்ச வித்தியாசங்கள தனியா வரைஞ்சு பாருங்க, அது வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா கோடு நேர்கோடு இல்ல. கண்டறியும் எல்லைய ஜீரோ பதிவுல இருந்து எடுங்க. உதாரணமா சாய்வு ஒரு பிபிஎம்முக்கு 12 மைக்ரோவோல்ட், ஜீரோவோட சிதறல் 0.02 மைக்ரோவோல்ட்னா மூணு மடங்கு சிதறல் 0.06, 12 ஆல வகுத்தா 0.005 பிபிஎம், அதாவது 5 பிபிபி (நூறு கோடில 5 பங்கு). எந்த சராசரி நேரத்துக்குங்கறத பக்கத்துலயே எழுதாட்டி அந்த எண்ணுக்கு மதிப்பே இல்ல.

சின்ன போட்டோஅகூஸ்டிக் கார்பன் டை ஆக்சைடு சென்சார் சிப் வெச்சு வேலை செய்யறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுல தானா காலிப்ரேட் ஆகற வசதி, சென்சார் அப்பப்போ வெளிக்காத்த பாக்கும், அது 400 பிபிஎம்னு நம்பி வேலை செய்யும். இப்ப வெளிக்காத்தே 420க்கு மேல போயிடுச்சு, ஜன்னல் திறக்காத ரூம்ல வெச்சா அந்த நம்பிக்கையும் தப்பு. அத அணைச்சுட்டு, தெரிஞ்ச செறிவுல சில நிமிஷம் ஓட விட்டு கையாலயே செட் பண்ணிடுங்க.

நிஜ காத்துல ஒரு சோதனை

எல்லாம் முடிச்ச பிறகு நான் விடாம செய்யற ஒண்ணு இருக்கு. அளக்கப்போற நிஜ காத்தையே நிமிஷத்துக்கு 490 மில்லி ஓட விட்டு, கருவி காட்டறத எழுதிக்கிட்டு, அதோட 100 பிபிஎம் சிலிண்டர்ல இருந்து 10 மில்லி சேக்கறது. ஏற்கெனவே இருந்தது 2 சதவீதம் நீர்த்துப் போகும், அத கழிச்சுட்டுப் பாத்தா ஏத்தம் சரியா 2 பிபிஎம் இருக்கணும். 1.6 தான் ஏறுதுன்னா நிஜ காத்துல ஏதோ ஒண்ணு சிக்னல தின்னுது, ஃபேஸ பாருங்க. ஃபேஸ் நகர்ந்திருந்தா மொதல்ல ரெசனன்ஸ திரும்ப தேடுங்க, தேடின பிறகும் ஃபேஸ் பழைய இடத்துக்கு வரலைன்னா ஈரமோ ஆக்ஸிஜனோதான் காரணம். ஃபேஸ் அப்படியே இருந்து அளவு மட்டும் குறைஞ்சா பவர், லைன் உச்சி, மைக், ஒட்டற சுவர், இந்த வரிசைல போங்க.

அதுக்குத்தான் நோட்டுல ஒவ்வொரு நாளும் ரெசனன்ஸ் ஃப்ரீக்வென்சி, க்யூ, ஜீரோவோட எக்ஸ் ஒய், பவர், செல் வெப்பம், அழுத்தம், ஈரம் எல்லாத்தையும் எழுதச் சொல்றேன். ஜீரோவ சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஸ்பான வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க, முடிஞ்சா அந்த வாராந்திர சோதனைக்கு கோடு போட பயன்படுத்தாத வேற சிலிண்டர் ஒண்ண வெச்சுக்கங்க. என்னோட அந்த முதல் மீத்தேன் செட்டப்ல இப்பவும் அதே மைக்தான் ஓடுது, செயற்கை காத்துல கலந்த சிலிண்டருக்கு மாறி, 1 சதவீத ஈரத்துல நிறுத்தி எடுத்தப்போ வெளிக்காத்து 1.95 காட்டுச்சு.